சர்வர் எனக்குச் சொந்தமில்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டுமா?

பேராக், சுங்கை சிப்புட்டிலிருந்து பெயர் வெளியிட விரும்பாத சகோதரி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. ஈப்போவில் பார்த்த வேலை போனபின், வீட்டிலிருந்தே அகப்பக்கம் அமைத்துத் தரும் தொழிலைத் தொடங்கினார். எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில்) தனிநபர் வணிகமாகப் பதிவு செய்திருக்கிறார். வெளி நிறுவனம் ஒன்றிடம் ரீசெல்லர் திட்டம் (சர்வரில் இடத்தை மொத்தமாக வாங்கி மறுவிற்பனை செய்யும் திட்டம்) எடுத்து, அதைப் பிரித்து 31 வாடிக்கையாளர்களுக்கு ஹோஸ்டிங், அதாவது அகப்பக்கம் இயங்க சர்வரில் இடம், கொடுக்கிறார். புடவைக் கடை, மசாலாத்தூள் வியாபாரம், டியூஷன் சென்டர், ஒரு கோயில் நிர்வாகம் என்று எல்லாருமே ஊர்க்காரர்கள். ஹோஸ்டிங்கிற்கு ஆண்டுக்கு 360 ரிங்கிட், டொமைனுக்கு (அகப்பக்க முகவரிப் பெயருக்கு) 60 ரிங்கிட் வாங்குகிறார். விளம்பரத்தில் "எங்கள் சொந்த சர்வர்", "100 விழுக்காடு அப்டைம்" (ஒரு நிமிடமும் நிற்காமல் இயங்கும்), "24 மணி நேரச் சேவை" என்று போட்டிருக்கிறார்.

தீபாவளி வியாபாரம் சூடு பிடித்திருந்த நேரத்தில் 9 மணி நேரம் எல்லா அகப்பக்கமும் நின்றுவிட்டன. புடவைக் கடைக்காரரின் அக்காள் மகன் கணினித்துறை மாணவர். அவர் தேடிப் பார்த்துவிட்டு, "இது அவங்க சர்வரே இல்ல மாமா, இதே கம்பெனியில மாசம் 15 வெள்ளிக்கு நாமே வாங்கலாம்" என்று சொல்லிவிட்டார். இப்போது கடைக்காரர் பணத்தையும் டொமைனையும் திருப்பிக் கேட்கிறார். செய்தி ஊரில் பரவிவிட்டது. "நான் செய்தது குற்றமா? சர்வர் நின்றது அவர்கள் தவறு, நான் ஏன் பணம் தர வேண்டும்? மற்ற 30 பேரிடமும் சொன்னால் போய்விட மாட்டார்களா? டொமைன் என் பெயரில்தான் இருக்கிறது. அகப்பக்கம் செய்த பாக்கி 800 ரிங்கிட் வரும்வரை அதைப் பிடித்து வைக்கலாமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரி,

"ஏமாற்றிப் பிழைத்துவிட்டேனோ என்று தூக்கம் வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஹோஸ்டிங்கை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பது ஏமாற்று அல்ல. இந்தத் தொழில் அடுக்கடுக்காகத்தான் நடக்கிறது. கட்டடமும் மின்சாரமும் ஒருவருடையது, சர்வர் இன்னொருவருடையது, அதில் இடம் பிரித்து விற்பவர் மூன்றாமவர். இடத்தை மொத்தமாக விற்கும் மேல்நிறுவனங்களே ரீசெல்லர் திட்டம் என்று பெயர் வைத்து, உங்கள் பெயரும் லோகோவும் போட்டுக்கொள்ள வசதி செய்துதான் விற்கின்றன. மறுவிற்பனையில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உங்களைச் சிக்கலில் மாட்டியது விளம்பரத்தில் இருக்கும் அந்த மூன்று வரிகள்தான்.

மௌனம் வேறு, பொய் வேறு

நம் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மோசடி எது என்று சொல்கிறது. ஒருவர் ஒப்பந்தம் செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதைப் பாதிக்கக்கூடிய செய்தியாக இருந்தாலும், அதைச் சொல்லாமல் இருந்தது மட்டுமே மோசடி ஆகாது. பேச வேண்டிய கடமை இருக்கும்போது பேசாமல் இருந்தாலோ, மௌனமே பேச்சுக்குச் சமமாக இருந்தாலோதான் மோசடியாகும். ஆகவே "இந்த சர்வர் யாருடையது" என்று யாரும் கேட்காமல், நீங்களும் சொல்லாமல் விற்றிருந்தால் உங்கள் நிலை பலமாகவே இருந்திருக்கும்.

ஆனால் நீங்கள் சும்மா இருக்கவில்லை. "எங்கள் சொந்த சர்வர்" என்பது உண்மைக்கு மாறான கூற்று. கெட்ட எண்ணம் இல்லாமல் சொல்லியிருந்தாலும் 18ஆம் பிரிவின் கீழ் அது தவறான எடுத்துரைப்பு. அதை நம்பி ஒப்பந்தம் செய்தவர் 19ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். கொஞ்சம் தேடியிருந்தால் உண்மை தெரிந்திருக்குமே என்று வாதாட அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. அது சாதாரணக் கவனத்தோடு கண்டுபிடிக்க முடிந்ததைப் பற்றியது. புடவைக் கடைக்காரர் ஐபி முகவரியை (சர்வரின் இணைய எண்ணை) தேடிப் பார்த்திருக்க வேண்டும் என்று எந்த நீதிபதியும் எதிர்பார்ப்பார் என்று நான் நினைக்கவில்லை. அதை நம்பி இறங்காதீர்கள்.

கடைக்காரர் பயனீட்டாளர் நடுவர் மன்றத்திற்குப் போவாரோ என்று பயந்திருக்கிறீர்கள். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அந்த மன்றம் விசாரிக்கும் என்பது உண்மை. ஆனால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த, குடும்ப உபயோகத்திற்கு வழக்கமாக வாங்கும் பொருளையும் சேவையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கடை நடத்த வாங்கிய ஹோஸ்டிங்கிற்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது. அதற்காக நிம்மதி அடையவும் வேண்டாம். 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம், சேவை பற்றிய பொய்யான விளம்பரத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் அதிகாரிகளுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் போனாலே விசாரணைக்குப் போதும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்த மூன்று வரிகளை எடுத்துவிடுங்கள். அகப்பக்கம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் சுயவிவரம், பெயர் அட்டை என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம். பழைய பக்கத்தின் நகலை மட்டும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எதை எப்போது மாற்றினீர்கள் என்று காட்ட வேண்டி வரலாம்.

மறைத்துவைப்பது தொழில்நுட்ப ரீதியாகவும் முடியாத காரியம். நேம்சர்வருக்கு (டொமைன் எந்த சர்வரில் இருக்கிறது என்று காட்டும் சர்வருக்கு) உங்கள் பெயரையே வைத்தாலும், அது காட்டும் ஐபி முகவரி யாருக்கு ஒதுக்கப்பட்டது என்று தேடினால் மேல்நிறுவனத்தின் பெயர் வந்து நிற்கும். கடை அனுப்பும் மின்னஞ்சலின் முழுத் தலைப்பைத் திறந்தால் "ரிசீவ்ட்" வரியில் சர்வரின் உண்மைப் பெயர் இருக்கும். ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலுக்குள் நுழையும்போது 2083 என்ற எண்ணோடு வரும் முகவரியிலும் பல நேரம் அதே பெயர்தான். அந்த மாணவருக்கு இரண்டு நிமிட வேலை.

நீங்கள் ஏஜென்ட் அல்ல

"நான் நடுவில் நிற்கும் ஏஜென்ட்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறான எண்ணம், உங்களுக்கு ஆபத்தான எண்ணமும்கூட. நீங்கள் உங்கள் பெயரில் வாங்கி, உங்கள் விலைக்கு, உங்கள் ரசீதில் விற்கிறீர்கள். கடைக்காரரின் ஒப்பந்தம் உங்களோடு மட்டும்தான். மேல்நிறுவனத்தை அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் உங்களைக் கேட்பார், நீங்கள் மேல்நிறுவனத்தைக் கேட்க வேண்டும். தனிநபர் வணிகம் என்பதால் வணிகக் கடன் உங்கள் சொந்தக் கடன். வீட்டுச் சேமிப்புக்கும் அதற்கும் நடுவே சுவர் கிடையாது.

மேல்நிறுவனத்தின் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் 99.9 விழுக்காடு அப்டைம் என்று இருக்கும். 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள், அதில் 0.1 விழுக்காடு என்றால் 43 நிமிடம் நிற்கலாம். உங்களுக்கு 540 நிமிடம் நின்றிருக்கிறது. அவர்கள் தரும் ஈடு வழக்கமாக மாதக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வதோடு முடிந்துவிடும், அதையும் குறிப்பிட்ட நாளுக்குள் கேட்டால்தான் தருவார்கள். நீங்களோ 100 விழுக்காடு என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். வாங்கியது 99.9, விற்றது 100. நடுவில் இருக்கும் இடைவெளிக்கு நீங்கள் ஒருவர்தான் ஜாமீன். இன்றே டிக்கெட் (எழுத்துமூலப் புகார்) போட்டு, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை நின்றது, காரணம் என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். கழிவையும் கேளுங்கள்.

"எதற்கும் பொறுப்பில்லை" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வழக்கு போடும் உரிமையையே முழுதாக மறுக்கும் வாசகம் ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி செல்லாது என்று, 2019இல் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த ஒரு வங்கி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "எங்கள் பொறுப்பு அந்த ஆண்டு நீங்கள் கட்டிய ஹோஸ்டிங் கட்டணத்திற்கு மேல் போகாது" என்பது போன்ற நியாயமான உச்சவரம்பு நிற்க வாய்ப்பு அதிகம். அது ஏன் என்று புரிய, சர்வர் உங்கள் கையில் இல்லை என்பது வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்வது உங்களுக்கே பாதுகாப்பு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டியதில்லை

உங்கள் கொள்முதல் விலையையும் லாபத்தையும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மேல்நிறுவனத்தின் பெயரைத் தானாக முன்வந்து சொல்லும் கட்டாயமும் பொதுவாக இல்லை. சில ரீசெல்லர் ஒப்பந்தங்கள் அதற்குத் தடையே போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நேராகக் கேட்டால் பொய் சொல்லக்கூடாது. "பெயரைச் சொல்ல ஒப்பந்தம் அனுமதிக்கவில்லை" என்பது பதில். "அப்படி யாரும் இல்லை" என்பது பொய்.

சொல்லியே ஆக வேண்டியது, வாடிக்கையாளரின் முடிவை மாற்றக்கூடிய செய்தி: சர்வர் உங்களுடையது அல்ல, அது எந்த நாட்டில் இருக்கிறது, எதை நீங்கள் சரிசெய்ய முடியும், எதற்கு மேல்நிறுவனத்துக்காகக் காத்திருக்க வேண்டும், பேக்கப் (நகல் எடுத்து வைப்பது) எத்தனை நாளைக்கு ஒரு முறை, விலக நினைத்தால் எப்படி விலகுவது.

நாடு என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சர்வர் சிங்கப்பூரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டியூஷன் சென்டரின் பதிவுப் படிவத்தில் பிள்ளைகளின் பெயரும் பெற்றோரின் கைப்பேசி எண்ணும் இருக்கும். கோயில் அகப்பக்கத்தில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம், எண் எல்லாம் நிரப்புகிறார்கள். சமய நம்பிக்கை பற்றிய செய்தியை 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நுண்ணிய தரவு என்று தனியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. வணிகப் பரிமாற்றங்களுக்குத்தான் அந்தச் சட்டம் என்றாலும், காசு வாங்கிப் பதிவு செய்யும் படிவத்தை அதற்கு வெளியே என்று நினைத்துவிடக் கூடாது. தரவு நாட்டுக்கு வெளியே போவதற்கு 129ஆம் பிரிவில் நிபந்தனைகள் உண்டு. வெளியே போகிறது என்பதே தெரியாத டியூஷன் சென்டர்காரர் அதை எப்படிக் கடைப்பிடிப்பார்? உங்கள் மௌனம் அவரைச் சட்டத்தை மீற வைக்கிறது. பேச வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு என்று நான் கருதுவது முக்கியமாக இந்த இடத்தில்தான்.

2024ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் உங்கள் மீதும் நேரடிக் கடமை விழுந்திருக்கிறது. மற்றவருக்காகத் தரவைக் கையாள்பவரும் பாதுகாப்புக் கோட்பாட்டை (தரவைப் பத்திரமாக வைக்கும் விதியை) கடைப்பிடிக்க வேண்டும் என்பது 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2025 ஜூன் 1 முதல், தரவுக் கசிவு நடந்தால் தரவைக் கட்டுப்படுத்துபவர், அதாவது உங்கள் வாடிக்கையாளர், 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். மேல்நிறுவனத்தில் கசிவு நடந்தால் அவர்கள் உங்களுக்கு, நீங்கள் வாடிக்கையாளருக்கு என்று தகவல் இறங்கி வர வேண்டும். நடுவில் நீங்கள் ஒரு நாள் தாமதித்தால் அவருடைய நேரம் போகிறது.

"24 மணி நேரச் சேவை" என்பதற்கும் வருகிறேன். நீங்கள் ஒரே ஆள். தூங்க வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட வேண்டும். திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் இரவு 9 வரை என்று எழுதுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். அதோடு, நீங்கள் மருத்துவமனையில் படுத்துவிட்டால் உள்ளே நுழைய உரிமையுள்ள இன்னொருவர் வேண்டும். ரீசெல்லர் கணக்கின் மாதக் கட்டணம் ஒரு முறை தவறினால் 31 பேரும் ஒன்றாக நின்றுவிடுவார்கள். ஆண்டுக் கட்டணமாக முன்கூட்டியே வாங்கும் 11,160 ரிங்கிட்டைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, மாதம் 930 மட்டும் உங்கள் வருமானமாக எடுங்கள். மேல்நிறுவனம் விலையைக் கூட்டினாலோ, மூடினாலோ, வேறிடம் மாற்ற அந்தப் பணம்தான் கைகொடுக்கும்.

பேக்கப் அதே சர்வரில் கிடந்தால் அது பேக்கப் ஆகாது. வாரம் ஒரு முறை ஒவ்வொரு கணக்கின் முழு பேக்கப்பையும் வேறொரு நிறுவனத்தின் சேமிப்பிடத்திற்கோ உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்கோ இறக்குங்கள். மாதம் ஒரு அகப்பக்கத்தையாவது திரும்ப ஏற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு வாடிக்கையாளரின் பழைய வேர்ட்பிரஸ் பிளக்கின் (அகப்பக்க மென்பொருளில் சேர்க்கும் துணை நிரல்) வழியாக எவனோ புகுந்து ஸ்பேம் அனுப்பினால், மேல்நிறுவனம் அவரை மட்டும் நிறுத்தாமல் உங்கள் ரீசெல்லர் கணக்கையே முடக்கலாம். அந்த நாளில் கையில் பேக்கப் இருந்தால் வேறிடத்தில் ஏற்றிவிடலாம். இல்லாவிட்டால் 31 பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

15 வெள்ளிக் கணக்கு

அந்த மாணவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அவர் பார்த்த 15 ரிங்கிட் முதல் ஆண்டுச் சலுகை விலையா, புதுப்பிக்கும்போது எவ்வளவு என்று கடைக்காரர் கேட்க வேண்டும். மின்னஞ்சல் போகாதபோது ஆங்கிலத்தில் டிக்கெட் எழுதி யார் காத்திருப்பார் என்றும் கேட்க வேண்டும். நீங்கள் வாங்கும் மாதம் 30 ரிங்கிட்டில் கடைக்கே வந்து மின்னஞ்சலைக் கைப்பேசியில் ஏற்றித் தருவது, புதுப்பிக்கும் தேதியைக் கவனிப்பது, பேக்கப், தமிழில் பேசும் ஒரு குரல் எல்லாம் அடக்கம். அதை வெளிப்படையாகப் பட்டியல் போட்டு விலை சொல்லுங்கள். சிலர் போகத்தான் செய்வார்கள். இடம் மட்டும் போதும் என்பவருக்கு அதுதான் நல்லது, போக விடுங்கள்.

டொமைனைப் பிடித்து வைக்காதீர்கள்

இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பட்டறைக்காரர் ரிப்பேர் காசு வரும்வரை காரை நிறுத்தி வைப்பதைப் போல, 800 ரிங்கிட் பாக்கிக்காக டொமைனை நிறுத்தி வைக்க முடியாது. கடையின் பெயரில், கடையின் பணத்தில் வாங்கிய டொமைன் அது. நீங்கள் அவருக்காக வைத்திருப்பவர் என்றே நீதிமன்றம் பார்க்க வாய்ப்பு அதிகம். தீபாவளி சமயத்தில் அது முடங்கினால், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின் கீழ் அவர் கேட்கும் நட்டஈடு உங்கள் 800ஐப் போலப் பல மடங்கு ஆகிவிடும். பாக்கியைத் தனியாகக் கேளுங்கள். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் இருந்தால் அது நேரான கடன்.

மாற்றிக்கொடுக்கும்போது வரிசை முக்கியம். டாட் காம் டொமைனில் உரிமையாளர் பெயரையோ மின்னஞ்சலையோ மாற்றினால், வேறு பதிவாளருக்கு (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனத்துக்கு) நகர்த்த 60 நாள் பூட்டு விழலாம். வேறு பதிவாளருக்குப் போகத்தான் போகிறார் என்றால், மாற்றும் முன் அந்தப் பூட்டை வேண்டாமெனச் சொல்ல உங்கள் பதிவாளர் வழி வைத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, பிறகு டொமைனின் இடமாற்றப் பூட்டை நீக்கி, நகர்த்தத் தேவையான மாற்றுக் குறியீட்டைக் கொடுங்கள். காலாவதி நெருங்கினால் முதலில் புதுப்பித்துவிடுங்கள். டாட் காம் டாட் மை என்றால் டாட் மை டொமைன்களைக் கவனிக்கும் மைநிக் நிர்வாகத்தில், மலேசிய வணிகப் பதிவு ஆவணத்தோடு பதிவானது. வாடிக்கையாளரின் கடைப் பெயர் உங்கள் எஸ்எஸ்எம் எண்ணில் பதிவாகி இருப்பதே சரியில்லை. மற்ற 30 பேருடையதையும் பாருங்கள். உங்கள் பெயரில் இருப்பவை அனைத்தையும் அடுத்த புதுப்பிப்புக்குள் அவரவர் பெயருக்கு மாற்றி, நீங்கள் தொழில்நுட்பத் தொடர்பாளராக மட்டும் இருங்கள்.

எப்படிச் சொல்வது

வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கோயில் பொருளாளர், டியூஷன் சென்டர் உரிமையாளர், மசாலாக் கடைக்காரர் போன்றவர்களை நேரில் பாருங்கள். பிறகு எல்லாருக்கும் தனித்தனியாக எழுத்தில் அனுப்புங்கள். இப்படி இருக்கலாம்:

"வணக்கம். உங்கள் அகப்பக்கம் இயங்கும் சர்வர் எனக்குச் சொந்தமானது அல்ல. சிங்கப்பூரில் சர்வர் வைத்திருக்கும் நிறுவனத்திடம் மொத்தமாக இடம் வாங்கி உங்களுக்குத் தருகிறேன். என் விளம்பரத்தில் 'சொந்த சர்வர்', '100 விழுக்காடு' என்று இருந்தது தவறு, நீக்கிவிட்டேன். அகப்பக்கம், மின்னஞ்சல், பேக்கப் வேலைகளை நான் பார்க்கிறேன். சர்வரே நின்றால் நிறுவனத்திடம் உடனே புகார் செய்து, நிலவரத்தை உங்களுக்குத் தெரிவிப்பேன். அங்கிருந்து கிடைக்கும் கழிவை உங்கள் கணக்கில் சேர்ப்பேன். டொமைன் உங்கள் பெயருக்கு மாற்றப்படும். தொடர விருப்பம் இல்லையென்றால் 30 நாளுக்குள் சொல்லுங்கள். மீதி மாதங்களுக்கான ஹோஸ்டிங் கட்டணமும் முழு பேக்கப்பும் தரப்படும்."

இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், அழுகையும் வேண்டாம். நின்றுபோன நாளின் முழுப் பழியையும் ஏற்றுக்கொள்ளும் வாசகம் எதையும் எழுத்தில் கொடுக்காதீர்கள். இனி புதிதாகச் சேர்பவருக்கு இதே செய்தி விலைப்பட்டியலிலேயே இருக்கட்டும்.

புடவைக் கடைக்காரரிடம்தான் முதலில் போக வேண்டும். அவருக்கு 7 மாதம் மீதி இருப்பதாகச் சொல்கிறீர்கள்: மாதம் 30 வீதம் 210 ரிங்கிட். டொமைன் கட்டணம் செலவாகிவிட்டது, அவருக்கே டொமைன் கிடைக்கிறது, அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. 800 பாக்கியில் 210ஐக் கழித்து 590 என்று பேசிப் பாருங்கள். 9 மணி நேர நட்டத்திற்காக இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொன்னால் விட்டுக்கொடுங்கள் என்பது என் ஆலோசனை. அந்தச் சின்ன ஊரில் அது வீண் செலவாகாது. எந்தத் தொகையில் முடிந்தாலும், "ஹோஸ்டிங், சேவைத் தடங்கல், டொமைன் தொடர்பாக இரு தரப்புக்கும் இதுவே முழுமையான, இறுதித் தீர்வு" என்ற வரியோடு ஒரு பக்கத்தில் எழுதி, தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் இல்லாமல் பணத்தைக் கொடுத்தால், தீபாவளி வியாபார நட்டம் என்று இன்னொரு கோரிக்கை பிறகும் வரலாம்.